பின் அடித்த பக்கங்கள்

விழுப்புரத்தில் நான் இப்போது வேலை பார்க்கும் பள்ளிக்குப் பிள்ளையைச் சேர்க்க வரும் அம்மாக்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "நல்ல பழக்கமெல்லாம் சொல்லிக் குடுக்கணும் மிஸ். புக்கா வாங்கட்டுமா, இல்ல டேப்லெட்லயே போட்டுக் காட்டட்டுமா?" அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுவேன். அவர்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் என் காதில் டக், டக் என்று ஸ்டேப்ளர் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். கூடவே அந்த மனுஷியின் முகமும் வந்து நிற்கும். என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

அவரோடு மூன்று வருஷம் வேலை பார்த்தேன். திண்டிவனத்தில் ஒரு சின்ன நர்சரி பள்ளி. நான் எல்கேஜி, அவர் யுகேஜி. இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அவர் தும்மினால் என் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் தேடிக்கொண்டு வந்து சண்டை போடக்கூடிய ஆள். அங்கேயும் யாரும் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் யுகேஜி மிஸ். அவருக்கு நான் வெறும் 'எல்கேஜி'. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், மயிலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒல்லியான உயரம், கஞ்சி போட்ட காட்டன் புடவை, தாலிச்சரட்டில் ஒரு கொத்து ஊக்கு.

கொரோனா முடிந்து பள்ளி திறந்த முதல் வருஷம் அது. போனிலேயே படித்துப் பழகிய பிள்ளைகள், கரும்பலகையில் எழுதியதை விரலால் தள்ளிவிட்டு அடுத்த பக்கம் வருகிறதா என்று பார்த்தார்கள். கைகழுவ, வரிசையில் நிற்க, பக்கத்துப் பிள்ளையைக் கடிக்காமல் இருக்க எல்லாமே முதலிலிருந்து சொல்லித்தர வேண்டியிருந்தது. அதற்காக வாரத்தில் இரண்டு பீரியட் ஒதுக்கி, ஆளுக்கொரு 'நல்ல பழக்கங்கள்' புத்தகமும் கொடுத்தார்கள். மொத்தம் இருபது பக்கம், தாளுக்கு ஒரு புறம் மட்டும் அச்சு. மேலே பெரிய படம், அதன் கீழே இரண்டு வரி, அதற்கும் கீழே பெற்றோர் டிக் போட முப்பது கட்டம்.

புத்தகம் வந்த அன்று மத்தியானம் தடுப்புக்கு அந்தப் பக்கம் டக், டக் என்று விடாமல் சத்தம். எட்டிப் பார்த்தேன். யுகேஜி மிஸ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இருபத்தெட்டுப் பிள்ளைகளின் புத்தகத்தையும் பக்கத்தில் அடுக்கிவைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு தாளைச் சேர்த்துப் பின் அடித்து மூடிக்கொண்டிருந்தார்.

"என்ன மிஸ், பிரிண்ட் தப்பா போட்டுட்டானா?"

"பிரிண்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதிகாலையில் எழுவோம்னு போட்டுருக்கு எல்கேஜி. நான் ஏழு மணிக்குத்தான் எழுந்துக்கறேன். அதுவும் எங்க வீட்டுக்காரரு பால் வாங்கியாந்து ரெண்டு தடவ கூப்ட்டாத்தான். இத எப்படி அதுங்களுக்கு சொல்றது?"

"சொல்லிட்டுப் போங்க மிஸ். அதுங்க மயிலத்துக்கு வந்து பாக்கவா போவுதுங்க?"

"நான் பாத்துக்கினுதான இருக்கேன்" என்று அடுத்த புத்தகத்தை எடுத்தார்.

அவரை முழுசாகச் சொல்ல இது ஒன்றே போதும். தான் செய்யாத ஒன்றை ஒரு பிள்ளையிடம் செய் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழாது. அதைப் பெருமையாக நினைத்துக்கொள்ளவும் இல்லை. எனக்குக் கத்தரிக்காய் சாப்பிட்டால் அரிக்கும் என்று சிலர் சொல்வார்களே, அந்த மாதிரித்தான் சொல்வார். "எனக்கே வரலியே எல்கேஜி, என்கிட்டயிருந்து அதுங்களுக்கு எப்படி வரும்?" என்பார். செய்துவிட்டுத்தான் சொல்லவேண்டுமென்றால் டீச்சர் வேலைக்குச் சாமியாரைத்தான் பிடித்துவர வேண்டும் என்று நான் கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே பின் அடிப்பார்.

இருபது பக்கத்தில் பதினொரு பக்கம் மூடிக்கொண்டது. நகம் கடிக்க மாட்டோம் போயிற்று, ஏனென்றால் அவர் கடிப்பார். எல்லாக் காய்கறியும் சாப்பிடுவோம் போயிற்று, பாகற்காய் என்றால் ஓடுவார். என் மகளும் அப்போது அவர் வகுப்பில்தான் படித்தாள். புத்தகம் வீட்டுக்கு வந்தபோது என் கணவர், "என்ன இது, சென்சார் பண்ண மாதிரி இருக்குது?" என்றார். முதல் பருவத் தேர்வு முடிவதற்குள் நாலு பெற்றோர் பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டென்டிடம் போய்ப் புகார் சொல்லிவிட்டார்கள்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. மூடிய பக்கம் திறக்கும். யுகேஜி மிஸ் ஏதாவது ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்வார். அதைத் தொடர்ந்து ஒரு வாரம் செய்துவிட்டால், திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளைப் புத்தகத்தோடு வரிசையில் நிற்கவைப்பார். தாலிச்சரட்டிலிருந்து ஊக்கைக் கழற்றி ஒவ்வொரு புத்தகத்திலும் அந்தப் பின்னை நெம்பி எடுப்பார். பின் வெளியே வந்ததும் வகுப்பே கைதட்டும். "மிஸ் செஞ்சிட்டாங்க! மிஸ் செஞ்சிட்டாங்க!" என்று கத்துவார்கள். அந்தப் பக்கத்தை அதன் பிறகு அவர் விளக்கவே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று இத்தனை நாளாகக் காத்துக்கிடந்த பிள்ளைகள், கண்ணை விரித்துக்கொண்டு படிப்பார்கள். என் வகுப்பில் அதே பக்கத்தை நான் தொண்டை கட்டக் கட்டச் சொல்லியும் ஒரு பிள்ளை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. பொறாமையாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

வரிசையில் நிற்போம் பக்கத்தைத் திறக்க அவர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். சாயந்திரம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் மயிலம் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு, கூடை, சாப்பாட்டுப் பை எல்லாம் உள்ளே விழுந்துவிடும். விழுந்த இடம் அவரவர் சீட்டு. அதில் யுகேஜி மிஸ் கில்லாடி. ஓடுகிற பஸ்ஸில் மூன்றாவது ஜன்னலுக்குக் குறி தப்பாமல் டிபன் பையை வீசுவார். அவர் ஒரு திங்கட்கிழமை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படிக்கட்டுக்கு எதிரே கையைக் கட்டி நின்றார். முன்னால் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. கூட்டம் இரண்டு பக்கமும் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறியது.

"என்ன மிஸ் பண்றீங்க?" என்று தூரத்திலிருந்து கத்தினேன்.

"வரிசையில நிக்கறேன்."

"வரிசையே இல்லியே மிஸ்!"

"ஒருத்தர் நின்னாத்தான அது வரிசை ஆவும்?"

ஆறு நாளும் மயிலம் வரைக்கும் நின்றுகொண்டேதான் போனார். ஆறாவது நாள் ஒரு காலேஜ் பெண் என்ன நினைத்தாளோ, அவருக்குப் பின்னால் வந்து நின்றாளாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சென்னையிலிருந்து டை கட்டிய ஒரு கம்பெனித் தம்பி வந்தார். கையில் டேப்லெட். நல்ல பழக்கங்கள் எல்லாம் அதில் பாட்டும் பொம்மையுமாக இருந்தன. வகுப்பில் பெரிய டிவியில் ஓடும், வீட்டில் பெற்றோர் போனில் ஆப். பிள்ளை பல் தேய்த்தால் அம்மா நட்சத்திரத்தை அழுத்த வேண்டும். கரஸ்பாண்டென்ட் நல்ல மனுஷர்தான், புதுச் சாமானைக் கண்டால் மட்டும் கை பரபரக்கும். அங்கேயே டிவி மாட்டச் சுவரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

யுகேஜி மிஸ் டிவிக்கு எதிரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தப் பல் தேய்க்கும் பாட்டை மூன்று தடவை போடச் சொல்லி ரசித்தார். "ரெண்டு நிமிஷம் பாட்டு ஓடுது பாரு, அது முடியற வரைக்கும் தேய்க்கணும். புக்குல இது வராது. நானே ஜல்தியா தேய்ச்சிட்டு வந்துடறேன்" என்றார். பிறகு அந்தத் தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, இதுல நடுவுல ஒரு பக்கத்த மூடி வைக்க முடியுங்களா?"

"ஹைட் பண்ணலாம் மேடம். ஆனா அட்மின் பாஸ்வேர்டு வேணும். அது சார்கிட்ட இருக்கும்."

"அப்ப ஒவ்வொரு வாட்டியும் சார்கிட்ட போயி, சார், எனக்கு இந்தப் பழக்கம் இல்ல, மூடி வைங்கன்னு சொல்லணுமா?"

தம்பி கரஸ்பாண்டென்டைத் திரும்பிப் பார்த்தார். கரஸ்பாண்டென்ட் பெரிதாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கடைசியில், இந்த வருஷம் எல்கேஜிக்கு டிவி, யுகேஜிக்குப் புத்தகம், ஆண்டுக் கடைசியில் பெற்றோர் கூட்டத்தில் இரண்டையும் வைத்து முடிவு செய்யலாம் என்றார்.

டிவி எனக்குச் சொர்க்கம். பட்டனை அழுத்திவிட்டு நோட்டுத் திருத்தலாம். இரண்டே வாரத்தில், திண்டிவனத்திலேயே மிகவும் ஒழுக்கமான பிள்ளைகள் என் வகுப்பில்தான் இருக்கிறார்கள் என்று ஆப் சொல்லியது. எல்லோருக்கும் எல்லா நாளும் ஐந்து நட்சத்திரம். ஒரு அம்மாவிடம் விசாரித்தேன். "ஞாயித்துக்கெழம கொழம்பு கொதிக்கறப்ப உக்காந்து மொத்தத்தையும் அமுக்கிடுவேன் மிஸ், தினம் தினம் அமுக்கறது பேஜாரா இருக்குது" என்றார். நான் கோபித்துக்கொள்ள முடியாது. என் மகளின் புத்தகத்தில் ஒரு மாசத்து டிக்கையும் ஒரே உட்காரலில் நான்தான் போட்டேன். ஒரே மாதிரி இருந்தால் தெரிந்துவிடுமே என்று நீலம், கறுப்பு, கணவரின் பச்சை ஜெல் பேனா என்று மாற்றி மாற்றிப் போட்டேன். காகிதமானாலும் கண்ணாடித் திரையானாலும் அழுத்துவது ஒரே விரல்தான் என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் அழுத்தினேன்.

ஜனவரி வாக்கில் யுகேஜி புத்தகத்தில் பத்துப் பின் கழன்றிருந்தது. பாகற்காய்கூடத் திறந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் அசையவில்லை. பதினாலாம் பக்கம். என் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'தவறு செய்தால் மன்னிப்புக் கேட்போம். எல்லோரும் நண்பராய் இருப்போம்.' படத்தில் இரண்டு பிள்ளைகள் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டின்போது கேட்டேவிட்டேன். "யார்கிட்ட மிஸ் மன்னிப்பு கேக்கணும் நீங்க?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். விழுப்புரத்தில் அவருக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள். ஒரு தனியார் லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. கொரோனா நேரத்தில் லீவு கிடைத்த ஒரு நாளில், ஒலக்கூர் பக்கத்துக் கிராமத்தில் இருந்த அம்மாவை வந்து பார்த்துவிட்டுப் போனாள். மறுவாரம் அம்மா படுத்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. அம்மாவைப் புதைத்துவிட்டு வந்து நின்ற நாலு பேர் எதிரில், யுகேஜி மிஸ் தங்கச்சியைப் பார்த்து, "நீதாண்டி கொண்டாந்து ஒட்டவிட்டுட்டுப் போன" என்று சொல்லிவிட்டார். தங்கச்சி அன்றைக்குப் பஸ் ஏறியவள்தான். ஒன்றரை வருஷமாகப் பேச்சு இல்லை.

"போன எடுத்து நம்பர் வரைக்கும் போவேன் எல்கேஜி. அப்புறம் வெச்சிடுவேன். விடியக்காலைல எழுந்துக்கறதெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்றார்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் என்று முடிவாயிற்று. அதற்கு முந்தைய புதன்கிழமை கரஸ்பாண்டென்ட் யுகேஜி மிஸ்ஸைக் கூப்பிட்டு, எனக்கும் கேட்கும்படியே சொன்னார். "இதப் பாருங்க மேடம். பேரண்ட்ஸ் வந்து புக்கப் பிரிச்சிப் பாப்பாங்க. ஒரே ஒரு பக்கம் மூடியிருந்தாலும் எனக்கு அசிங்கம். பிச்சி விட்டுடுங்க. முடியாதுன்னா வர்ற வருஷம் யுகேஜிக்கு வேற ஆளத்தான் பாக்கணும்."

"அது பிக்கற பின்னு இல்லீங்க சார்" என்றார் இவர். அவ்வளவுதான் பேச்சு.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சின்னக் கம்பித்துண்டுக்காக இந்த அருமையான டீச்சர் வேலையை விட்டுப் போவதா? வியாழக்கிழமை டிரில் பீரியடில் பிள்ளைகளோடு அவரும் கிரவுண்டுக்குப் போயிருந்தார். யுகேஜி அலமாரியைத் திறந்தேன். என் தாலிச்சரட்டிலும் ஊக்கு இருந்தது. இருபத்தெட்டுப் புத்தகத்திலும் பதினாலாம் பக்கத்துப் பின்னை நெம்பி எடுத்து, கைக்குட்டையில் முடிந்து வெளியே போட்டேன். இரண்டு நாள் திட்டுவார், பிறகு சரியாகிவிடும் என்று நினைத்தேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு அன்றைக்கு டீயில் கூடக் கொஞ்சம் சர்க்கரை போட்டுக்கொண்டேன்.

அந்த வகுப்பில் ஒரு பின் கழன்றால் பிள்ளைகளுக்கு அதன் அர்த்தம் என்ன என்பதை நான் யோசிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை முதல் பீரியட். தடுப்புக்கு அந்தப் பக்கம் புத்தகம் கொடுக்கும் சத்தம். பிறகு என் மகளின் குரல்தான் முதலில் கேட்டது. "மிஸ், பதினாலு தொறந்திருக்குது!" யாரோ ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டி அந்த வரியை வாசித்தது. அடுத்த நொடி வகுப்பே இடிகிற மாதிரி கைதட்டல். "மிஸ் கேட்டுட்டாங்க! மிஸ் மன்னிப்பு கேட்டுட்டாங்க!" பெஞ்சைத் தட்டினார்கள். ஒரு பயல் விசில்கூட அடித்தான். எழுந்து ஓடி வாசலில் நின்றேன்.

"யார்கிட்ட மிஸ் கேட்டீங்க?" என்று முன் வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்.

யுகேஜி மிஸ் கையில் ஒரு புத்தகம் விரிந்திருந்தது. பின் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. அதைப் பார்த்தார், வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் அவர் என்னை அறைந்திருக்கலாம். பிள்ளைகள் கைதட்டி ஓய்ந்து பதிலுக்காகக் காத்திருந்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலையும் மிஞ்சியிருக்கும், கூட்டமும் நல்லபடி முடிந்திருக்கும்.

"இன்னும் கேக்கல கண்ணுங்களா" என்றார். "மிஸ் செய்யாமலே தொறந்துடுச்சு. இன்னிக்கி சாயந்திரம் போறேன். கேட்டுட்டு நாளைக்கி வந்து சொல்றேன்."

நாலு மணிக்கு விழுப்புரம் பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று, "ரெண்டு வரி இருக்குதுல்ல அதுல? மொத வரி என் கையில இருக்குது. எல்லாரும் நண்பரா இருப்போம்னு ரெண்டாவது வரி. அது யார் கையில இருக்குது?" என்றார்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது அந்த லேப். தங்கச்சி கையுறையோடு குப்பிகளில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் முகம் வெளிறிவிட்டது.

"என்னக்கா, ஒடம்புக்கு என்ன?" என்று ஓடிவந்து அக்காவை நாற்காலியில் உட்காரவைத்தாள். ரத்தம் கொடுக்க வந்திருக்கிறார் என்றே நினைத்துவிட்டாள். கையைப் பிடித்து நரம்பு தேடப் போனாள்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. அம்மாவப் பொதச்ச அன்னிக்கி நான் சொன்னது தப்பு. என்ன மன்னிச்சிடு."

தங்கச்சி பிடித்த கையை விடவில்லை. குனிந்தபடியே சொன்னாள். "நீ சொன்னது பொய் இல்லக்கா. அன்னிக்கி எனக்கு லேசா இருமல் இருந்துது. மாத்திர போட்டுக்கினுதான் வந்தேன். அம்மாவப் பாக்கணும்போல இருந்துது, வந்துட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"நீ கொல்லப்பக்கம் போயி இருமினது எனக்குக் கேட்டுது. தெரிஞ்சிதான் சொன்னேன். உனக்கு எங்க வலிக்கும்னு தெரிஞ்சி, நாலு பேர் எதிர்ல சொன்னேன். அதுக்குத்தான் கேக்கறேன்."

தங்கச்சி அழுதாள். கையில் உறை இருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை. அக்காதான் முந்தானையால் துடைத்தார். நானும் அழுதேன், எனக்கு அங்கே என்ன வேலை என்று தெரியாமலே. கொஞ்சம் தெளிந்த பிறகு தங்கச்சி சொன்னாள்: "மன்னிச்சிட்டேன்னு ஒடனே சொல்ல வாய் வரலக்கா. ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா. சாப்ட்டுட்டுப் போ."

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஊருக்குள் நுழையும்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"நீ பண்ணது தப்பு, எல்கேஜி."

"தெரியும் மிஸ். உங்க வேல போயிடுமேன்னு... மன்னிச்சிடுங்க மிஸ்."

"என்ன விடு. கை தட்டினாங்களே இருபத்தெட்டுப் பேரு, அவங்க ஏமாந்தாங்க இல்ல? நாளைக்கி வந்து அவங்ககிட்ட கேளு."

"பேரண்ட்ஸ் எல்லாம் இருப்பாங்களே மிஸ்!"

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு மனுஷி இவ்வளவு நேர்மையாக இருந்தால் பக்கத்தில் எப்படிக் குப்பை கொட்டுவது?

சனிக்கிழமை யுகேஜி வகுப்பில் பிள்ளைகள் முன்னால், பெற்றோர் பின்னால், கரஸ்பாண்டென்ட் ஓரமாக. யுகேஜி மிஸ் பதினாலாம் பக்கத்தைப் பிரிக்கச் சொன்னார். தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்டதைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி நாலு வாக்கியத்தில் சொன்னார். "அவங்க இன்னா சொன்னாங்க மிஸ்?" என்றான் ஒருவன். "அழுதாங்க. நான் தொடச்சி விட்டேன்." "புக்குல சிரிக்கறாங்களே மிஸ்?" "புக்குல சீக்கிரம் சிரிச்சிடுவாங்க. நமக்குக் கொஞ்ச நாள் ஆவும்." அவர் பேசி முடித்து என்னைப் பார்த்தார்.

முன்னே போய் நின்றேன். "உங்க மிஸ் அந்தப் பின்ன எடுக்கல. அவங்களக் கேக்காம நான்தான் எடுத்தேன். அதனாலதான் நீங்க கை தட்டினீங்க. உங்கள ஏமாத்திட்டேன். தப்பு. என்ன மன்னிச்சிடுங்க." பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் ஒருவர் தங்களிடம் மன்னிப்புக் கேட்டு அவர்கள் கண்டதில்லை. இரண்டாவது பெஞ்சில் என் மகள் என்னை யாரோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். யுகேஜி மிஸ்தான், "அவசரமில்ல. யோசிச்சி சொல்லுங்க" என்று என்னை அந்த இடத்திலிருந்து விடுவித்தார்.

அவர் வேலை போகவில்லை. வந்திருந்தவர்களில் ஒரு அப்பா எழுந்து, இந்த மிஸ்ஸையே ஒண்ணாங்கிளாசுக்கும் அனுப்ப முடியுமா என்று கேட்டுவிட்டார், கரஸ்பாண்டென்டால் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் ஜூன் மாதம் எல்லா வகுப்புக்கும் டிவி வந்தது. எது வாங்கலாம் என்று எங்கள் இரண்டு பேரிடமும் எழுதி வாங்கியிருந்தார்கள். நான் இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். அவர் எழுதியது, 'எதை வேண்டுமானாலும் வாங்குங்கள் சார், மூடுவதும் திறப்பதும் டீச்சர் கையில் இருக்கட்டும்' என்பது மட்டும். அவருக்கு மட்டும் அந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் அவர் கணவருக்கு ஓசூரில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார். நானும் விழுப்புரம் வந்துவிட்டேன். போனில் பேசிக்கொண்டிருந்தோம், பிறகு அதுவும் குறைந்தது. எனக்கு அவர்மேல் இருப்பது அன்பா பயமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை கூட்டம் முடிந்து மகளோடு நடந்தே வீட்டுக்குப் போனேன். ரயில்வே கேட் வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் அப்பாவிடம்கூட இந்த மாதிரி நான் பயந்து நின்றதில்லை. கேட் மூடியிருந்தது. வண்டிக்காகக் காத்து நின்றபோது என் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, நான் மன்னிச்சிட்டேன்."

குனிந்து அவளைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"மத்தவங்க திங்கக்கெழம சொல்லுவாங்க" என்றாள்.